வாலிநோக்கத்து ழகரம்: ஒரு நாவியல் ஆய்வு

1962 நவம்பரில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க் பெருங்கடைகளில் ஏறி இறங்கினார். நாலாம் தளத்தில் என்ன விற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளரைக் கேட்பார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். சரியாகக் கேட்காதவர் போல முகத்தை முன்னே நீட்டுவார். அதே பதில் அழுத்தமாக வரும். அப்புறம் மறைவாகப் போய், 'ர்' ஒலித்ததா இல்லையா என்று எழுதிக்கொள்வார். பணக்காரர் வாங்கும் 'சாக்ஸ்' என்ற கடையில் 62 சதவீதம் பேரிடம் எல்லா முறையுமோ சில முறையாவதோ 'ர்' இருந்தது. மலிவுக் கடையான கிளைனில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம்தான்.

அமெரிக்கர் பலர் நாக்கை மேலே வளைத்து, எங்கும் ஒட்டாமல் ஒலிக்கும் அந்த 'ர்' கிட்டத்தட்ட நம் ழகரமேதான். ஆக, லபோவ் எண்ணியது நம்ம சரக்கை. அவர் முறையை ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான வாலிநோக்கத்துக்கு இறக்குமதி செய்யத் தடையேதும் இல்லை.

முதல் இடைஞ்சல், ஊர்ப்பெயரில் ழகரம் கிடையாது. நல்லவேளையாகக் கிழக்கே கீழக்கரை இருக்கிறது. ஆய்வாளர் தன் வாயால் அந்தப் பெயரைச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடும். ஆகையால் பஸ் நிற்குமிடத்தில் கேள்வி இப்படி அமைய வேண்டும்:

"ஏர்வாடி தாண்டுனா எந்த ஊருண்ணே வரும்?"

"கீளக்கர."

"என்னது?"

"கீளக்கரண்ணே!"

அழுத்தம் கூடியது, ழகரம் வரவில்லை. மூன்றாம் முறை கேட்டால் கிடைக்கும் சொற்கள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

தொல்காப்பியர் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே பிறப்பில் சேர்த்தார். லகர ளகரங்களுக்கு வேறு பிறப்பு சொன்னார். இந்தக் கரை அவரைக் கேட்காமலே ழகரத்தை ளகரத்தின் வீட்டில் குடிவைத்துவிட்டது. ஏன்?

உப்புக்காற்றுக் கோட்பாடு என்று ஒன்றை முன்வைக்கலாம். தமிழ்நாடு அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகள் இங்கேதான் விரிந்து கிடக்கின்றன. ழகரத்துக்கு நாக்கை வளைத்துத் திறந்துவைத்தால் உப்பு படியும். ளகரத்துக்கு அண்ணத்தில் ஒட்டி அடைத்துக்கொள்ளலாம். அழகான கோட்பாடு. கடலே பார்க்காத மதுரையும் 'வாளப்பளம்' தின்பதால் கைவிட வேண்டியதாயிற்று. கடலை வைத்துக்கொண்டே சென்னை 'வாயப்பயம்' தின்கிறது, 'இழுத்து' என்பதை 'இஸ்து' என்று இழுக்கிறது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தார் பேச்சில் ஊர்ப்பெயரையே 'யாப்பாணம்' ஆக்கி, சிக்கலை வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

எஞ்சியிருப்பது ஒரே வழி: அமெரிக்காவிலிருந்து ஒகையோக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கீழக்கரை என்று சொல்லவைப்பது. நாக்கு பிறவியிலேயே தயார். ஆனால் அவர் படிக்கப்போவது ஆங்கிலப் பெயர்ப்பலகையை. அதில் ழகரத்துக்கு 'எல்' போட்டிருக்கிறது. மனிதர் 'கீலக்கரை' என்பார். அதைக் கேட்டு, பஸ் நிற்குமிடத்து அண்ணன் "கீளக்கர" என்று திருத்துவார்.