ஆளுக்கொரு யோய்க்

கே: ‘ஃப்ரோஸன்’ படத்தின் தொடக்கத்தில் வரும் கோரஸ் என்ன மொழி என்று என் பேத்தி துளைக்கிறாள்.

ப: எந்த மொழியும் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள், வெறும் ஒலிகள்தான். இசையமைத்தவர் நார்வேயின் ஃப்ரூடே ஃபியெல்ஹைம். நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் ‘யோய்க்’ பாட்டிலிருந்து பிறந்தது அது.

கே: சொல்லே இல்லாத பாட்டில் எதைத்தான் சொல்ல முடியும்?

ப: ஓர் ஆளையே சொல்லிவிடலாம்! நடை, முன்கோபம், சிரிப்பு எல்லாம் மெட்டிலும் தாளத்திலும் வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் சில சொற்கள் சேர்வதும் உண்டு. தெரிந்தவர்கள் கேட்டதும் ‘இது இன்னார்’ என்று கண்டுகொள்வார்கள். ஓநாய்க்கும் மலைக்கும்கூட யோய்க் இருக்கிறது. சாமி எழுத்தாளர் யோஹான் தூரி 1910-இல் வெளிவந்த தன் நூலில், மனிதர்களை நினைவில் வைத்திருக்கும் கலை என்றே இதைச் சொல்கிறார்.

கே: உரிமை யாருக்கு? மெட்டுப் போட்டவருக்கா, பாடுகிறவருக்கா?

ப: இருவருக்கும் இல்லை. யாரைப் பாடினார்களோ, அவருக்கு. ஆனால் அவரே அதைப் பாடிக்கொண்டு திரிந்தால் தற்பெருமை என்பார்கள். பிறர் வாயிலிருந்து வரவேண்டும்.

கே: யோய்க்கை ஒரு காலத்தில் தடுத்தார்களாமே, இதைப் போய் ஏன் தடுத்தார்கள்?

ப: சாமி மக்களின் சடங்கு முரசோடு சேர்ந்திருந்ததால் பாதிரிமார் பிசாசு வழிபாடு என்றார்கள். 1691-இல் ஆண்டர்ஸ் பௌல்சன் என்ற முதியவரிடம் பறித்த முரசு, டென்மார்க்கிலிருந்து சாமி மக்களின் கைக்கு உரிமையோடு வந்தது 2022-இல்தான். 19-ஆம் நூற்றாண்டில் லெஸ்தாடியஸ் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ மத எழுச்சி யோய்க்கைப் பாவமாக்கியது. பிறகு பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளின் வாயை அடைத்தன. பாடகி மாரி போய்னே வளர்ந்தது அப்படியொரு பக்திக் குடும்பத்தில். சொந்த இனத்தையே தாழ்வாக நினைக்கப் பழக்கப்பட்டவர், பாடப் பாடத்தான் அதிலிருந்து மீண்டார். 1989-இல் வந்த அவருடைய ‘குலா குலா’ தொகுப்பைக் கட்டாயம் கேளுங்கள்.

கே: யோய்க் பாடினால் மனநலம் கூடுமா?

ப: மாத்திரைக்குப் பதில் இது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் மிரண்ட துருவ மான் மந்தையை அமைதிப்படுத்த மேய்ப்பர்கள் பாடுகிறார்கள். குழந்தைக்குப் பெரியவர்கள் யோய்க் கட்டித் தருகிறார்கள். பாடகர் யோன் ஹென்ரிக் ஃபியெல்கிரென் கொலம்பியாவில் பிறந்து, ஸ்வீடனில் சாமி குடும்பத்தின் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். இறந்துபோன நண்பனுக்காகக் கட்டிய யோய்க்கை 2014-இல் டிவி போட்டி மேடையில் பாடி வென்றார். பாடும்போது போனவர் பக்கத்தில் வந்துவிடுகிறார் என்பது சாமி மக்களின் அனுபவம். இழப்பைத் தாங்க அதைவிட வேறென்ன வேண்டும்!

கே: அரசியலிலும் யோய்க் உண்டா?

ப: இல்லாமலா? நார்வேயின் ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1979-இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டே யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில், நார்வேயின் பாட்டுக்குள் மாத்தீஸ் ஹெட்டாவின் யோய்க் ஒலித்தது. கிடைத்தது 16-ஆம் இடம். அணையும் எழும்பிவிட்டது. ஆனால் 1989-இல் நார்வேயில் சாமி மக்களுக்கென்றே ஒரு நாடாளுமன்றம் திறந்தது.