கோலமாவுக் கையும் தொடுதிரையும்: ஓர் ஆய்வு

பொழுதுபோக்கு இதழொன்று அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குக் குடிபோகும்போது, வாசகருக்குக் கைகொடுக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். செயலியை இறக்குங்கள், போன் நம்பரைக் கொடுங்கள், ஓடிபி வரும், எழுத்து பொடியாக இருந்தால் இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். இந்தப் பாடத்தைப் பேரனோ பேத்தியோ ஐந்து நிமிடத்தில் முடித்துவிட, பாட்டியும் தலையாட்டிவிடுகிறார். ஆனால் அடுத்த வாரமே “அந்தப் புஸ்தகம் இப்போ வர்றதில்லையே” என்கிறார். இந்த முரணுக்கு விளக்கம் தேடுவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் இது: கோலம், சமையல், தையல், தோட்டம் ஆகியவற்றைப் பேசும் இதழ் முதன்மையாகக் கையால் பயன்படுத்தப்படும் ஒரு கருவி; படிப்பது அதற்கு உபதொழில். இணையத்துக்கு மாறும்போது கண்ணுக்கு எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட்டுக் கையை நட்டாற்றில் விட்டுவிடுகிறோம்.

முதல் சான்று வாசலில் கிடைக்கிறது. மார்கழி விடியல், ‘15 புள்ளி, ஊடு புள்ளி, 8-ல் நிறுத்தவும்’ என்று ஒரு கோலம். நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-ல் முடித்தால் 15 வரிசை, மொத்தம் 169 புள்ளி. கிழித்தெடுத்த பக்கத்தைத் தரையில் வைத்து அதன்மேல் கோலமாவு டப்பாவை வைத்துவிட்டால் போதும். காற்றடித்தாலும் பக்கம் அங்கேயே இருக்கும், எந்நேரமும் முழுக்கோலமும் தெரியும். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக ஒரு கூழாங்கல்லை நகர்த்திக்கொண்டே போகலாம். இதே கோலம் கைப்பேசியில் என்ன ஆகிறதென்று பாருங்கள். சுமார் ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையில் 15 புள்ளி அடங்க வேண்டுமானால் புள்ளிக்கும் புள்ளிக்கும் அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. விரித்தால் புள்ளி பெரிதாகும், ஆனால் ஓரம் திரைக்கு வெளியே போய்விடும். இது ஏழாவது வரிசையா எட்டாவதா என்று சொல்ல ஆளில்லை. அதற்குள் திரை அணைந்துவிடும். பல போன்களில் அணைவதற்கான கெடு 30 வினாடிதான். ஒரு வரிசைப் புள்ளி வைக்க அது காணாது. மறுபடி எழுப்பத் தொட வேண்டும். தொடுதிரை, விரல் கடத்தும் மின்சாரத்தை வைத்து இயங்குவது. வாசல் தெளித்த ஈரக் கையைக் கண்டால் அது குழம்பும். மாவு அப்பிய கையைக் கண்டுகொள்ளாமலும் இருக்கும். மூக்கு நுனியால் திரையைத் திறக்கும் முறையை இவ்வாய்வு சாத்தியமென ஏற்கிறது, தெருவில் நின்று செய்யும்படி பரிந்துரைக்கவில்லை.

இரண்டாம் சான்று அடுக்களையைச் சேர்ந்தது, இன்னும் கனமானது. அவள் விகடனின் ‘30 வகை’ இணைப்புகளைச் சேர்த்துவைத்த எந்த வீட்டிலும் ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்கலாம். முப்பதில் இருபத்தைந்து பக்கம் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்குப் பளபளவென்று இருக்கும். மிச்சப் பக்கங்களில் எண்ணெய்க் கறை, மஞ்சள் விரல்ரேகை, புளித்தண்ணீர் சொட்டிக் காய்ந்த வட்டம். இந்தக் கறைகளை நாம் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை மதிப்பெண்கள். கறை மிகுந்த பக்கமே அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் செய்யப்பட்ட பலகாரம். கறையே இல்லாத பக்கம் படத்தில் மட்டும் அழகாக இருந்தது. ஓரத்தில் ‘காரம் பாதி போதும்’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தால் அது மேல்முறையீட்டுத் தீர்ப்பு. மாமியார் எழுதியதன் மேல் மருமகள் ‘போதாது’ என்று எழுதிய பக்கங்கள் குடும்ப வரலாற்றுத் துறைக்கு உரியவை. அவற்றில் நாம் தலையிட வேண்டாம். திரையில் படும் கறையையோ துணியால் துடைத்துவிடுகிறோம். நூறாவது முறை செய்த ரசமும் ஒருமுறைகூடச் செய்யாத ‘சோயா சர்ப்ரைஸ்’ஸும் அங்கே ஒரே வெளுப்பில் நிற்கின்றன. தமிழ் வாசகர் இதழைக் கையால்தான் ஆண்டார் என்பதற்குப் பழைய ஆதாரமும் உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாரவாரம் கிழித்தெடுத்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. பின்னாளில் அச்சுப் புத்தகமாகக் கிடைத்தபோதும் அந்தப் பைண்டிங்கைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை.

முதல் ஆட்சேபம் எளிதில் யூகிக்கக்கூடியது: இதெல்லாம் கம்ப்யூட்டர் தெரியாதவர்களின் புலம்பல், தலைமுறை மாறினால் சரியாகிவிடும். 2020-இல், ஊரடங்குக் காலத்தில், கல்கியும் மங்கையர் மலரும் அச்சை விட்டு இணையத்துக்குப் போனபோதும் இந்தச் சமாதானம் காதில் விழுந்தது. இது நிற்காது. லினக்ஸ் இயங்குதளப் பிரியர்களுக்காக 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘லினக்ஸ் ஜர்னல்’ 2011-இல் அச்சை நிறுத்தியது. அதன் வாசகர்களைவிடக் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை எங்கே போய்த் தேடுவது? அவர்களிலும் காகிதம் வேண்டுமென்று வருந்தியவர்கள் இருந்தார்கள். மீன்பிடிப்பும் வேட்டையுமாக 1895 முதல் நடந்துவந்த ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ சில ஆண்டுகள் திரையில் மட்டும் இருந்துவிட்டு 2024-இல் அச்சுக்கே திரும்பியது. அதே ஆண்டில் ‘சவோர்’ என்ற சமையல் இதழும் திரும்பியது. ஒன்றின் வாசகர் கையில் தூண்டில், மற்றதன் வாசகர் கையில் கரண்டி. நம் கருதுகோளுக்கு இதைவிட வாகான இரட்டையர் கிடைக்கமாட்டார்கள். எதிர்ச்சான்றை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது: 1872-இல் பிறந்த ‘பாப்புலர் சயின்ஸ்’ 2021-இல் அச்சையும் 2023-இல் இதழ் என்ற வடிவத்தையுமே விட்டு, வெறும் இணையதளமாகிவிட்டது. ஆனால் அதைப் பெரும்பாலும் நாற்காலியில் சாய்ந்து படித்தார்கள், கையில் மாவில்லை.

வேண்டியதைத் தட்டினால் நொடியில் வருமே என்பது அடுத்த ஆட்சேபம். வரும், மறுக்கவில்லை. ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டும். வீட்டில் தேடுகிறவரோ பெயர் சொல்லித் தேடுவதில்லை. “பச்சை அட்டை, தீபாவளி சமயம் வந்தது, பின்பக்கம் குக்கர் விளம்பரம்” என்று தேடுகிறார், பரணில் மூன்றாவது கட்டில் எடுத்தும்விடுகிறார். இந்த முகவரியை எந்தத் தேடுபொறியும் ஏற்பதில்லை. காணொளி இருக்கிறதே என்பாரும் உளர். காணொளி தன் வேகத்தில் ஓடும், நம் வெங்காயம் அதன் வேகத்தில் வதங்காது. நிறுத்த மறுபடி அதே கையைத்தான் நீட்ட வேண்டும். காகிதம் மிச்சம் என்ற வாதம் மட்டும் சற்று யோசிக்க வைக்கிறது. பழைய இதழ் பரண் ஏறி, அலமாரித் தட்டுக்கு விரிப்பாகி, பிறகு எடைக்குப் போய், கடைசியில் பஜ்ஜியை மடித்துத் தந்து முக்தியடையும் என்று பெருமை பேசலாம்தான். ஆனால் அச்சிட்ட தாளில் தின்பண்டம் மடிப்பது உடம்புக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு புள்ளியை எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

இனி மறுவாழ்வுத் திட்டம். போனின் அமைப்புகளுக்குள் போய்த் திரை அணையும் கெடுவைப் பத்து நிமிடமாக்குவது முதல் வேலை. செயலியை இறக்கித் தருகிற பேரன்களில் இதைச் செய்துதருகிறவர்கள் குறைவு. அவர்களுக்கு மாவுக் கை கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போயிற்று என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. தனி ஃபோல்டரில் போடாவிட்டால், பருப்புருண்டைக் குழம்பு ஒரு வாரத்துக்குள் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாக்களுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே காணாமல் போகும். உறுதியான வழி ஒன்றுதான் தெரிகிறது. பிடித்த பக்கத்தைத் தெருமுனை ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, பிரிண்ட் எடுத்துக்கொள்வது. அப்படியானால் இணைய இதழைக் காகிதத்துக்கே கொண்டுவருகிறோமே, இது என்ன தகவமைப்பு என்று கேட்கலாம். அச்சகம், காகிதம், தபால் ஆகிய மூன்று செலவும் பதிப்பாளர் கணக்கிலிருந்து வாசகர் கணக்குக்கு மாறிவிட்டன, அவ்வளவே. பொருளாதாரத்தில் இதற்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். முப்பது வகையையும் பிரிண்ட் எடுக்கத் தேவையில்லை என்பது இதில் கிடைக்கும் ஆதாயம். செய்யப்போகிற நாலைந்து போதும். கோலத்துக்குக் கலர் பிரிண்ட் வீண் செலவு, கறுப்பு வெள்ளையில் புள்ளி இன்னும் பளிச்சென்று தெரியும். சமையல் பக்கத்துக்கு லேமினேஷன் போட்டுத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால், மேலே சொன்ன மதிப்பெண் காரணங்களை உத்தேசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.