நிழலியல்: சிகாகோ கிராண்ட் பார்க் வெயிலை முன்வைத்து

இவ்வோத்து என்ன பெயர்த்தோ எனின், நிழலியல் என்னும் பெயர்த்து. என்ன நுதலிற்றோ எனின், கோடை வெயிலில் திறந்தவெளியில் பாட்டுக் கேட்கப் போனவன் எங்கே போய் நிற்பான், ஏன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான் என்று ஆராய்தல் நுதலிற்று. பாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிழல் அநாதையாகக் கிடக்கிறது.

ஆய்வுக்களம் லொல்லாபலூசா. 1991இல் பெர்ரி ஃபாரெல் தம் ஜேன்ஸ் அடிக்‌ஷன் குழுவின் விடைபெறும் பயணமாகத் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 2005இல் சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் நிலைகொண்ட இசைவிழா. 2016 முதல் நான்கு நாள் நடக்கிறது. நாளொன்றுக்கு லட்சம் பேரளவில் கூடுகிறார்கள். ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம். ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, மறுபக்கம் மிச்சிகன் அவென்யூவின் கட்டட வரிசை, நடுவே புல்வெளி, அதன்மேல் சூரியன்.

முதல் வினா: இவ்வளவு பெரிய பூங்காவில் தலை ஒதுங்க ஒரு தாழ்வாரம்கூட ஏன் இல்லை? விடை வானியலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1836இல் ஊருக்கு மனை பிரித்தவர்கள், ஏரிக்கரைத் துண்டு ஒன்றைப் பொதுநிலம் என்று குறித்து, இதில் என்றைக்கும் எந்தக் கட்டடமும் கூடாது என்று வரைபடத்திலேயே எழுதிவைத்தார்கள். 1871 பெருந்தீக்குப் பிறகு இடிபாடுகளை ஏரியில் கொட்டக் கொட்ட நிலம் வளர்ந்தது. நிலம் வளர்ந்தால் கட்டட ஆசை வளராமல் இருக்குமா? அப்போது குறுக்கே வந்து நின்றவர் ஆரன் மான்ட்கோமரி வார்ட். விலைப்பட்டியலை வீட்டுக்கு அனுப்பித் தபாலிலேயே பொருள் விற்றுச் செல்வரானவர். 1890இல் வழக்குத் தொடுத்து, ஏறத்தாழ 20 ஆண்டு விடாமல் நடத்தி, இல்லினாய் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பணமில்லாதவனுக்கும் ஏரிக்காற்று கிடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காற்று கிடைத்தது. இன்று அதே புல்லில் மூன்று மணி வெயிலில் நிற்கும் இளைஞன் தன் தோள் சிவந்ததற்குச் சூரியனைத் திட்டுகிறான். திட்ட வேண்டியது தீர்ப்பை.

(2004இல் பக்கத்து மில்லினியம் பார்க்கில் எழுந்த பிரிட்ஸ்கர் இசையரங்கத்தைக் கட்டடம் அல்ல, கலைப்படைப்பு என்று வகைப்படுத்தித்தான் அனுமதித்தார்கள். அந்த ஊரில் கூரை, சிற்பமாகப் பிறந்தால் பிழைக்கும்.)

இனி நிழலின் வகை. மரநிழல், கூடாரநிழல், ஆள்நிழல் என மூன்று. மரநிழல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாசல் திறந்ததும் துண்டு விரித்தவர்களுக்கு அது பட்டாவாகிவிடும். கூடாரநிழல் என்பது பீர்க்கடைப் பந்தலில் வரிசையாக நிற்போர்க்கு உரியது. அங்கே பீர் நிமித்தம் நிற்பவன், நிழல் நிமித்தம் நிற்பவன் என இருவர் உளர். தன் முறை வந்ததும் பின்னால் இருப்பவருக்கு வழிவிடுபவன் இரண்டாமவன்.

ஆராயத்தக்கது ஆள்நிழலே. கடிகாரத்தைக் கோடைக்காக ஒரு மணி முன்தள்ளிவைப்பதால் சிகாகோவில் உச்சிப்பொழுது ஒரு மணியளவில் வரும். அப்போது ஆறடி மனிதனின் நிழல் 3 அடிக்கும் குறைவு. மூன்று மணிக்கு 4 அடியைத் தாண்டும். ஆறு மணிக்கு 15 அடியளவு நீளும். தேவை கொதிக்கும்போது சரக்கு இல்லை. சரக்கு குவியும்போது கேட்பார் இல்லை. பொருளியலார் இதற்கு எத்தனையோ படம் வரைவார்கள். கூட்டமோ வரையாமலே தெரிந்துகொண்டு, நெட்டையன் ஒருவனைக் கண்டதும் அவன் முதுகை ஒட்டிப் போய் நிற்கிறது. மேடை தெற்கே இருந்து எல்லோரும் தெற்கு நோக்கி நின்றால், தென்மேற்கு வெயிலில் அவன் நிழல் பின்னால் நிற்பவர் மேல்தான் விழும். இரவு எட்டரைக்கு, மேடையை மறைக்கிறான் என்று அதே நெட்டையனைச் சபிக்கப்போகிறவர்களும் இவர்களே.

அற்றேல், தொப்பி போதாதோ எனின், போதாது. என்னை? தொப்பி வெயிலை மறைக்கும். பக்கத்தில் இருப்பவனுக்கு இல்லாதது நமக்கு இருக்கிறது என்ற சுகத்தைத் தராது ஆகலின்.

இதனால் விளையும் இசைவிளைவு ஒன்று உண்டு. பெரிய மேடைகளுக்கு வெட்டவெளி. மரம் வாய்ப்பதெல்லாம் சிறு மேடைகளுக்கே. பெயர் அறியாத குழு பிற்பகலில் மரத்தடி மேடை ஏறும்போது எதிரே நல்ல கூட்டம் இருக்கும். கூட்டத்தில் பாதிக்கு அந்தக் குழுவின் பெயர் தெரியாது. குழு அதைத் தன் புகழாகவே கொள்ளும், கொள்ளட்டும். 2007இல் இந்த விழாவின் சிறு மேடையொன்றில் பாடிய லேடி காகா, 2010இல் முதன்மைக் கலைஞராகப் பெரிய மேடை ஏறினார். புகழ் என்பது மரத்தடியிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளப்படுவது என இலக்கணம் வகுக்க இது ஒன்றே போதும்.

எல்லோருக்கும் சமமாக நிழல் கிடைத்த நாளும் ஒன்று உண்டு. 2012 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. பிற்பகலில் ஏரிக்கரை முழுதும் கருமேகம் கவிந்தது. நிழலியலாருக்கு அது பொற்காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் புயல் வருகிறது என்று 60,000 பேரளவில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒதுங்குவதற்குக் காட்டிய இடங்கள் பூங்காவுக்கு அடியில் இருக்கும் கார் நிறுத்துமிடங்கள். மேலே கட்டக் கூடாது என்றுதான் வார்ட் வழக்காடினார்; கீழே தோண்டுவதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஆக, கிராண்ட் பார்க்கின் ஆகச்சிறந்த நிழலை ஆண்டு முழுதும் அனுபவிப்பவை கார்கள்.

அன்று மாலை வானம் சற்று வெளுத்ததும் வாசலை மறுபடி திறந்தார்கள். நெட்டையனும் வேண்டாம், மரமும் வேண்டாம் என்று அந்தக் குளிர்ந்த நிழலையெல்லாம் உதறிவிட்டு, முழங்கால் சேற்றோடு கூட்டம் மேடைகளை நோக்கி ஓடியது. இந்நடத்தைக்கு இவ்வோத்தில் சூத்திரம் இல்லை. பாட்டியல் வல்லார் உரைப்பின் ஆண்டுக் கண்டுகொள்க.