நோஞ்சான் கணினிக்கு 144 ஹெர்ட்ஸ்

அழகர்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குள் கேமிங் கம்ப்யூட்டர் முழு உருவில் வந்து இறங்குவது அபூர்வம். பாகம் பாகமாகத்தான் வந்து சேரும். முதலில் ஒரு ரைசன் 5 5600ஜி வரும், "இதுலயே கிராபிக்ஸ் இருக்கு, தனியா கார்டு வேண்டாம்" என்ற சமாதானத்தோடு. அல்லது யாரோ கைமாற்றிவிட்ட ஜிடிஎக்ஸ் 1650 வரும். பிறகு கேபினட், அதில் கணினியின் வேகத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் வண்ணவண்ணமாகச் சுழலும் மூன்று விசிறிகள். மானிட்டரின் முறை வரும்போது பட்ஜெட்டுக்கு மூச்சு வாங்கும். "படிப்புக்குத்தான்" என்று சொல்லி வாங்கிய காசு என்பதால் அப்பாவிடம் மறுபடி போய் நிற்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் சொல்வார்: "தம்பி, உங்க சிஸ்டத்துக்கு 60 ஹெர்ட்ஸ் தாராளம். 144 எல்லாம் பெரிய கார்டு வச்சிருக்கவங்களுக்கு." நியாயமாக, சிக்கனமாக, அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் தலைகீழ். பெரிய கார்டு வைத்திருப்பவர் 60 ஹெர்ட்ஸ் திரையோடு ஒப்பேற்றிவிடலாம். நோஞ்சான் கணினிக்குத்தான் வேகமான திரை அவசியம். குதர்க்கமாகத் தெரியலாம். கணக்கு என் பக்கம் இருக்கிறது.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கார்டு பலசாலியாக இருந்தால் ஒவ்வொரு படத்தையும் அந்தக் கெடுவுக்குள் முடித்துக் கொடுத்துவிடும், பிரச்சினையே இல்லை. நம்முடையது அப்படியா? ஒரு படத்தை 14 மில்லி விநாடியில் கொடுக்கும். அடுத்ததில் எங்கோ ஒரு வண்டி வெடித்தால் 20 ஆக்கும். திரை புதுப்பிக்கும் நேரத்தில் மட்டுமே படத்தை உள்ளே விடும் வி-சிங்க்கைப் போட்டிருந்தால், 16.7-ஐத் தவறவிட்ட அந்தப் படம் 33.3 வரை வெளியே காத்திருக்கவேண்டும். நான்கு மில்லி விநாடிகூட இல்லாத தாமதத்துக்கு 13 மில்லி விநாடி அபராதம்! இதே கார்டை 144 ஹெர்ட்ஸ் திரையில் மாட்டினால் புதுப்பிப்பு 6.9 மில்லி விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. 20-இல் தயாரான படம் 20.8-இல் கண்ணுக்கு வந்துவிடும். அபராதம் ஒரு மில்லி விநாடிகூட இல்லை. கார்டு அதேதான், காசும் அதற்குக் கூடுதலாகப் போகவில்லை. "வி-சிங்க்கே வேண்டாம், அணைத்துவிடுகிறேன்" என்றால் திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் உள்ளே நுழையும். எதிரியின் தலை ஓரிடத்தில், உடம்பு இரண்டு அங்குலம் தள்ளி. இரண்டில் எதைச் சுடுவது என்று முடிவெடுப்பதற்குள் அவன் முழு உருவமாக நின்று நம்மைச் சுட்டிருப்பான்.

இதற்கு மருந்துதான் அடாப்டிவ் சிங்க். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து மதுரைக்குப் புறப்படுவதை எண்ணிப்பாருங்கள். வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படி. அப்பன்திருப்பதியில் எவ்வளவு நேரமாகும், மூன்றுமாவடி எதிர்சேவைக்கு எப்போது வந்து சேர்வார் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கும். ஆனால் எந்த மண்டகப்படியிலாவது மணி அடித்ததும் காலியான பந்தலுக்குத் தீபாராதனை காட்டுகிறார்களா? பல்லக்கு வந்து நின்றபிறகுதான் சூடம் ஏற்றுவார்கள். அடாப்டிவ் சிங்க் உள்ள திரையும் கார்டிலிருந்து படம் வந்தபிறகுதான் புதுப்பித்துக்கொள்ளும். என்விடியா 2013-இல் இதை ஜி-சிங்க் என்று அறிவித்தபோது மானிட்டருக்குள் தனியாக ஒரு சர்க்யூட் வேண்டியிருந்தது; விலையும் அதற்கேற்ப எகிறியது. 2015-இல் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அந்தத் தனிச் சர்க்யூட் இல்லாமலே வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கிவந்து, ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து தன் கார்டுகளைச் சாதாரண அடாப்டிவ் சிங்க் திரைகளோடு பேச அனுமதித்தது. பணக்காரர் வீட்டு வசதி ஏழைக் கணினிக்கு இறங்கிவந்த அபூர்வமான சம்பவம் அது.

ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. கடையில் யாரும் சொல்லாதது அதைத்தான். 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றின் ஃப்ரீசிங்க் எல்லை 48 முதல் 75 வரை என்று வைத்துக்கொள்வோம். கார்டு 40-க்கு இறங்கினால் வசதி அறுந்துபோகும், பழைய குலுக்கல் திரும்பிவரும். எல்லை 48 முதல் 144 வரை இருந்தால், அதே 40 படங்களை ஒவ்வொன்றும் இரண்டு தடவையாகக் காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளித்துவிடும். 75-க்குள் 80 அடங்காது என்பதால் முதல் திரையால் இந்த வித்தையைச் செய்யவே முடியாது. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும் என்பது விதி. ஆக, 144 என்ற எண்ணை 144 படங்களுக்காக வாங்கவில்லை. 40 படங்களைக் கௌரவமாகக் காட்டுவதற்காக வாங்குகிறோம். நாற்பதுக்கு இறங்கும் பழக்கம் யாருடைய கணினிக்கு உண்டு? ஆயிரம் வாட் பவர் சப்ளை வைத்திருப்பவருக்கு இல்லை.

"மனுஷக் கண்ணுக்கு விநாடிக்கு 24 படத்துக்கு மேலே தெரியாதே" என்று ஒருவர் கிளம்புவார். எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். சினிமா 24-இல் ஓடியது உண்மை. ஆனால் தியேட்டர் புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை திரையில் அடித்தது. 24 மட்டும் போதும் என்றால் அந்த மெனக்கெடல் எதற்கு? தவிர, சினிமாவில் கேமராவைத் திருப்பும் பொறுப்பு நமக்கில்லை. விளையாட்டில் மவுஸைத் திருப்புவது நம் கை. கைக்கும் கண்ணுக்கும் நடுவே வரும் தாமதத்தை யாரும் உடனே உணர்வார்கள். "என் கார்டு 144 தராதே" என்பவருக்கு முன் பத்தியே பதில். அத்துடன் வேலரண்ட் மாதிரி இளகிய மனம் கொண்ட விளையாட்டுகள் குறைந்த அமைப்பில் 5600ஜி-யிலேயே நூறைத் தாண்டும். தரமாட்டேன் என்று அடம்பிடிப்பது ஜிடிஏ வகையறாக்கள்தான்.

மறுபக்கம், "வாங்குறதே வாங்குறோம், 4கே-யா வாங்கிடுவோம், நாளைக்கு உதவும்" என்பவர்கள். 1080-இல் கார்டு வரையவேண்டிய புள்ளிகள் சுமார் 20 லட்சம். 4கே-இல் 83 லட்சம், நான்கு மடங்கு. ஏற்கெனவே மூச்சிரைக்கும் கார்டின் தலையில் இன்னும் மூன்று மூட்டை. நாளைக்கு உதவும் என்ற அந்த நாள் வரும்போது இதைவிட நல்ல 4கே பாதி விலைக்கு வந்திருக்கும். 27 அங்குலத்தில் 1080 வாங்குவது இன்னொரு ஆசை. 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் இருந்தால் 27-இல் 82-தான். எழுத்தின் ஓரம் சொரசொரக்கும். படிப்புக்கு வாங்கிய மானிட்டரில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால் அது தேவையில்லாத விசாரணைகளைக் கிளப்பும். "வீட்டு டிவி இருக்கே" என்றால், இருக்கிறது. ஆனால் மலிவு டிவி பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், மவுஸ் அசைவு திரைக்கு வரவும் தாமதம், மாலை ஆறு மணிக்குமேல் அதன் மீது நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

பேனலில் என் வாக்கு ஐபிஎஸ்ஸுக்கு. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பு. ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் அது மூவாயிரத்துக்கு ஒன்று. ஆனால் மலிவு விஏ-யில் இருட்டான காட்சிகள் நகரும்போது மை இழுவிய மாதிரி பின்னால் ஒரு வால் வரும். டிஎன் வேகமானது, விலையும் குறைவு. நேரே உட்கார்ந்து அசையாமல் பார்க்கவேண்டும், கொஞ்சம் சாய்ந்தால் நிறம் மாறும். சித்திரைத் திருவிழா நேரலையை அதில் போட்டு வீடே சுற்றி உட்கார்ந்தால் விபரீதம். அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பட்டு வேறு நிறமாகத் தெரிந்து அந்த வருஷத்து விவசாயமே கேள்விக்குறியாகிவிடும். அட்டைப்பெட்டியில் உள்ள "1 மில்லி விநாடி" ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கவேண்டாம். பல பெட்டிகளில் அது பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி அளந்த கணக்கு. அந்த வசதியைப் போட்டால் திரையின் வெளிச்சம் பாதி போய்விடும். மலிவு மானிட்டரில் எச்டிஆர் என்று இருந்தால் அது பெட்டியின் அழகுக்காக.

காசு விஷயத்தில் பழைய பயம் தேவையில்லை. 32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கு 2019 ஜனவரி 1 முதலே ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி 24 அங்குலம், 1080, ஐபிஎஸ், 144-க்கு மேல் என்று எல்லாம் ஒன்றாகவே அமைகின்றன. மிச்சப்படுத்தவேண்டும் என்றால் அந்த மூன்று வண்ண விசிறிகளில் மிச்சப்படுத்தலாம். கார்டு இரண்டு முறை மாறினாலும் மானிட்டர் அங்கேயே நிற்கும். பில் போடும் முன் பெட்டியைத் திருப்பி, பின்பக்க ஓட்டைகளைப் பார்க்கவேண்டும். ஜிடிஎக்ஸ் கார்டில் அடாப்டிவ் சிங்க் வேலை செய்ய டிஸ்ப்ளே போர்ட் வேண்டும். ஏஎம்டி என்றால் எச்டிஎம்ஐ வழியாகவும் நடக்கும். ஆனால் சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ முழு வேகத்தைக் கொடுக்காது, பெட்டிக்குள் இருப்பதோ பெரும்பாலும் எச்டிஎம்ஐ கேபிள். கடைசியாக, மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60-இலேயே நின்றுவிடும்; டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று இருக்கும் இடத்துக்குப் போய் நாம்தான் 144-ஐத் தேர்ந்தெடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் 60-இல் விளையாடிக்கொண்டே, "வித்தியாசம் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்தியம்கூடச் செய்வார்கள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவு முன்னால் மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். அங்கே இந்த மாதிரிச் சமாச்சாரங்களுக்கு வாய்தா கிடையாது.