தெய்வக் குழந்தைக்கு 25 வயது

ஏப்ரல் 2, உலக ஓட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தால் யாழ்ப்பாணத்தில் நீலத்துக்கு நல்ல மவுசு. பதாகை நீலம், ரீசேட் நீலம், பிரதம விருந்தினரின் சால்வையும் நீலம். மங்கல விளக்கேற்றி, மாலை வாங்கி, ஒலிவாங்கியைப் பிடித்தவர் சொல்லுவார்: "இவர்கள் தெய்வக் குழந்தைகள்." கைதட்டல். தெய்வக் குழந்தை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கும். அதற்கு 25 வயது. மீசை அரும்பிப் பத்து வருடம்.

வசதியான பட்டம்தான். தெய்வத்துக்கு வேலை வேண்டாம், வீடு வேண்டாம், வயதும் போகாது. வருடத்தில் ஒருதரம் திருவிழா எடுத்தால் போதும்.

அரசாங்கமும் பக்தியில் குறைந்ததல்ல. அரச வேலையில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இல் சுற்றறிக்கை விட்டது. உரிய தகைமை மட்டும் இருக்கவேண்டுமாம். தகைமை தேடிப் பள்ளிக்கூடம் போன பிள்ளையை, "மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல்" என்று கேற்றடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அகப்பையை நீட்டுகிற விருந்தோம்பல் இது! 1996இல் உரிமைச் சட்டம் வந்தது. 2007இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் கையெழுத்து, 2016இல் அதற்கு ஏற்புறுதி. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்கிறது அதன் 19ஆம் உறுப்புரை. நல்ல தடித்த தாள். வடை சுற்றலாம்.

கோண்டாவிலில் சிவபூமி அன்பர்கள் 2004இலிருந்து இப்படியான பிள்ளைகளுக்கெனப் பாடசாலை நடத்துகிறார்கள். அறம் செய்ய ஆள் இருப்பதால் அரசாங்கத்துக்கு நல்ல நித்திரை.

ஊர் மட்டும் சும்மாவா இருக்கிறது? தங்கச்சியைப் பெண்பார்க்க வருகிற அன்று தமையனைப் பின்னறையில் விட்டுப் பூட்டுகிறோம். தனியாக வாழப் பழக்குகிறோமாக்கும்!

பூட்டாமல் வாழவிட்ட ஊரும் உண்டு. 1943இல் மருத்துவர் லியோ கனர் ஓட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் வரும் முதல் பிள்ளை டொனால்ட் ட்ரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார். தாய் தகப்பன் போன பிறகும் அதே ஊரில் வாழ்ந்து, 2023இல் 89 வயதில் கண்மூடினார். அந்த வங்கியில் குடும்பத்துக்குப் பங்கிருந்தது உண்மைதான். எங்களிடம் மட்டும் காசில்லையா? கோபுரத்துக்கு வர்ணம் பூச என்றால் லண்டனும் ரொறன்ரோவும் போட்டிபோட்டு அனுப்பும். கோயிலடியில் ஒரு பெடியனுக்கு மாலை கட்டும் வேலை கொடுக்கத்தான் வழியில்லை.

போன மாதம் சந்தையில் ஒரு தாயையும் மகனையும் கண்டேன். மகன் கையில் 500 ரூபாய்த் தாள். "அண்ணை, அரைக் கிலோ கத்தரிக்காய் தாங்கோ." மாதக்கணக்காக வீட்டில் பழகிய வசனம், பிசகாமல் சொல்லிவிட்டான். வியாபாரி தாயைப் பார்த்துக் கேட்டார்: "தம்பிக்கு என்னவாம், அம்மா?" நிறுத்துப் போட்டார். "பாவம்" என்று ஒரு காய் கூடவும் போட்டார். மிச்சக் காசைத் தாயிடம் நீட்டினார். மகன் விரித்த உள்ளங்கை விரித்தபடியே நின்றது.

இப்படிப்பட்ட தாய்மார் கேட்பது ஒரே வரம்: "அவன் போய் ஒரு நாள் கழிச்சு நான் போகவேணும்." கேட்டதும் "தாயல்லோ!" என்று கண்ணைத் துடைக்கிறோம். பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் சாகவேண்டும் என்று ஒருத்தியை நேர்த்தி வைக்கச் செய்த ஊருக்கு அழுவதற்கு என்ன அருகதை? அவளைத் தியாகி ஆக்கினால் எங்களுக்குச் செலவில்லை.

அடுத்த ஏப்ரலில் நீலச் சால்வை வேண்டாம். கத்தரிக்காயும் ஒன்று கூட வேண்டாம். அவனிடம் கேளுங்கள், மிச்சக் காசை அவன் கையிலேயே கொடுங்கள்.