ஒரிஜினல் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். சிலருக்கு மாமா, சிலருக்குப் பெரியப்பா, எங்களுக்குச் சித்தப்பா. இனிப்புப் பொட்டலத்தை நீட்டினால் கை நீளாது, கேள்விதான் வரும். "எந்த ஊரு?"

ஊரைச் சொன்னால் விடமாட்டார். "எந்தக் கடை?" கடையையும் சொன்னால், "நேர்ல போய் வாங்குனதா, இங்க கிளையில வாங்குனதா?" இதற்கு அடகுக்கடைக்காரரே தேவலை. நகையை ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். எந்த ஊர்ச் சுரங்கம் என்று கேட்கமாட்டார்.

குடியிருப்பது தாம்பரத்தில், அதுவும் முப்பது வருஷமாக. நாக்கு மட்டும் இன்னும் திருநெல்வேலி டவுனைவிட்டுக் கிளம்பவில்லை. அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் தட்டில் அல்வா வந்தது. பெண்ணை யாரும் இன்னும் பார்க்கவில்லை. சித்தப்பா அல்வாவைப் பார்த்துவிட்டார். "இது நம்ம ஊர்ல வாங்குனதா?" பெண்ணின் அப்பா பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்: "இல்லீங்க, பக்கத்துத் தெரு பேக்கரி." சித்தப்பா தட்டை மெல்ல நகர்த்தினார். பிள்ளை வீட்டுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த வீடே வாடிப்போனது. சித்தி சமயோசிதமாக "அவருக்குச் சுகர்" என்று சொல்லிக் காப்பாற்றினாள்.

சுகர் இருப்பது நிஜம்தான். ஆனால் சித்தப்பாவின் அகராதியில் தின்பது வேறு, சோதிப்பது வேறு. கால் கிலோ வரை சோதனைக் கணக்கில் போய்விடும்.

அந்தச் சோதனையைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். கடலைமிட்டாயைக் காதருகே வைத்து ஒடிப்பார். 'மடக்' என்று சத்தம் வந்தால் பாகு பதம் சரி. வளைந்துகொடுத்தால் அங்கேயே ஒதுக்கிவிடுவார். அல்வா என்றால் இலைத்துண்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். நெய் விரலுக்கு ஏறவேண்டும், அல்வா வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரை முறுகமுறுகக் கிண்டியதால் வந்த நிறமா, பொடி போட்டு வந்த நிறமா என்று தெரிய வேண்டுமாம். கடைசியில் தீர்ப்பு: "தாமிரபரணித் தண்ணி இல்லேன்னா அது அல்வா இல்லடே, கோதுமைப் பசை." இதைச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் கேன் வாட்டர் குடிப்பார்.

புவிசார் குறியீடு வந்ததிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020, மணப்பாறை முறுக்குக்கு 2023 என்று கடகடவென்று ஒப்பிப்பார். கல்யாண நாளைத்தான் வருஷாவருஷம் சித்தி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் முதல்நாள் ராத்திரி அவரிடமிருந்து போன் வரும். எனக்கும் வந்தது.

"மணப்பாறை நடுராத்திரில வரும். சரி, முறுக்கை விட்டுருதேன். ஆனா மதுரை தாண்டினா தூங்காத. சாத்தூர்ல சேவு. அடுத்தாப்புல கோவில்பட்டி, கடலைமிட்டாய். பிளாட்பாரத்துல வாங்காத. ஊருக்குள்ள போயி, கடையில நின்னு, கண்ணால பாத்து வாங்கு."

"வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும் சித்தப்பா."

"நிக்காட்டி என்ன? அடுத்த வண்டியில போ."

இவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சாக்லேட் அல்வாவைக் கண்டால் எழுந்து போய்விடுவார், பீட்ரூட் மைசூர்பாகை நோயாளிக்குக் கொடுக்கச் சொல்வார். 2015-இல் வந்த பல்ஸ் மாங்காய் மிட்டாயைப் பேரன் ஒருநாள் அவர் வாயில் போட்டுவிட்டான். கொஞ்ச நேரம் சப்பிக்கொண்டிருந்தார். நடுவிலிருந்த உப்புமசாலாப் பொடி நாக்கில் கொட்டியதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "மிட்டாய்க்குள்ள ஊறுகாயை ஒளிச்சு வச்சிருக்கான்!"

ஆனால் 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது பரிசோதனையில் தெரியவந்து பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டபோது அவர் சொன்னது யோசிக்க வைத்தது. "ஊர்பேர் இல்லாத பண்டம்டே. தப்பு பண்ணினா யாரைப் போய்க் கேப்ப? கோவில்பட்டிக்காரன் கடலைமிட்டாயில கை வச்சான்னா அந்த ஊரே அவனைக் கேக்கும்." ரோஸ் கலரைக் கண்டாலே ஓடுகிற மனிதர் என்று அவரைக் கேலி செய்த நாங்கள் அன்று வாயை மூடிக்கொண்டோம். ஊர்ப்பெயரை அட்டையில் அச்சடித்து எந்த ஊரிலும் விற்கிற காலத்தில் 'எந்தக் கடை' என்று கேட்க வீட்டுக்கு ஒருவர் வேண்டும்தான். நம் வீட்டில் இல்லாமல் அடுத்த வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

போன தீபாவளிக்கு என் தங்கை மகள் துபாய் சாக்லேட் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பச்சைப் பசேலென்று பிஸ்தா, நொறுநொறுவென்று குனாஃபா சேமியா. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா முகத்தைப் பார்த்தது. திட்டுவார், எழுந்து போவார் என்று காத்திருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பினார்.

"கோயம்புத்தூர்னு போட்டிருக்கு."

"இங்கயும் பண்றாங்க தாத்தா. டேஸ்ட் ஒண்ணுதான்."

"ஒண்ணா?"

அன்று ராத்திரி முழுக்கப் போனும் கையுமாக இருந்தார். காலையில் காபிக்கு முன்பே விவரம் வந்துவிட்டது. துபாயில் சாரா ஹமூதா என்றொரு பெண்மணி, ஃபிக்ஸ் என்று பெயர் வைத்து 2021-இல் ஆரம்பித்தது. தொடக்கத்தில் கடை என்று தனியாகக் கிடையாது, டெலிவரி ஆப்பில்தான் ஆர்டர் போட வேண்டும். அதுவும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் சித்தப்பா விழுந்தார். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் மட்டும் திறந்து, சரக்குத் தீர்ந்ததும் கதவைச் சாத்துகிற இருட்டுக்கடைக்கு முன் சின்ன வயதில் வரிசையில் நின்றவர் அல்லவா! "நேரம் வச்சு விக்கா பாத்தியா? அப்ப சரக்கு சுத்தமாத்தான் இருக்கும். அது ஒரிஜினல்டே."

ஷார்ஜாவில் இருக்கிற மச்சினனுக்கு அப்போதே போன் போனது. "மாப்ளே, வரும்போது அந்தப் பொம்பளை கடைச் சாக்லேட்டு. வேற எவன் பண்ணினதும் வேண்டாம். பில்லையும் எடுத்துட்டு வாரும்."

ஆகவே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தமாதிரி ஒருவர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் இனிப்பு வாங்கிப் போகாதீர்கள். பழம் பரவாயில்லை என்று நினைத்து மலைவாழைப்பழம் வாங்கினால், சிறுமலையா விருப்பாச்சியா என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். பேசாமல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய்விடுங்கள். ஊட்டி வர்க்கி மட்டும் வேண்டாம்.