நானே ஊர்!

ஆம்ஸ்டர்டாம் 2004-இல் தனக்கொரு முழக்கம் செய்துகொண்டது: 'ஐ ஆம்ஸ்டர்டாம்'. நானே ஆம்ஸ்டர்டாம் என்று பொருள். அந்த 'நான்' யார் என்பதில்தான் தகராறு. நகராட்சியும் நிறுவனங்களும் கைகோத்து நடத்திய கல்யாணம் அது. ஓட்டல்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்களுக்குத் தாம்பூலப் பை. அதிலும் தேங்காய் இல்லை.

ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலே அந்த முழக்கத்தின் எழுத்துகள் நின்றன. வந்தவர்களெல்லாம் அவற்றின் மேல் ஏறிப் படமெடுத்தார்கள். உள்ளே ரெம்பிராண்ட் காத்திருந்தார், பாவம். 2018 டிசம்பரில் எழுத்துகளைப் பெயர்த்து எடுத்தார்கள். முழக்கத்தில் தனிமனித வாடை அதிகம் என்று நகர மன்றத்தின் பசுமை இடதுசாரிக் கட்சிக்குப் பட்டதாம். பதினான்கு வருஷம் கழித்து மூக்கு வேலை செய்தது!

தாம்பூலப் பைக்காரர்கள் 30,000 கையெழுத்துக்கு மேல் திரட்டிய பிறகே, 2021-இல், சுற்றுலாத் தங்கல் ஆண்டுக்கு 2 கோடி இரவுகளைத் தாண்டக்கூடாது என்று நகராட்சி விதி போட்டது. 2023-இல் விளம்பரமே தலைகீழ்: கூத்தடிக்க வரும் பிரிட்டன் வாலிபர்களே, தயவுசெய்து வராதீர்கள்! வா என்று கூப்பிடவும் விளம்பரச் செலவு, வராதே என்று விரட்டவும் விளம்பரச் செலவு. இரண்டிலும் நஷ்டப்படாதவர் விளம்பரக்காரர்தான்.

இத்தனைக்கும் நடுவே ஒரு தரப்பை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் அழைத்ததில்லை: விருந்தாளி. 2024-இல் அவருடைய தங்கும் வரி 7 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமானது.